ஏழாம் எண் தகடு

மார்ச் 4
கப்பலிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மாமாவும் என் மருமகளும் சௌக்கியமா? கப்பல் கணினியில் எழுதினால் பத்துப் பேர் எட்டிப் பார்ப்பார்கள். அதனால் தாளில் எழுதுகிறேன். நாளை கரை தொட்டதும் தபாலில் சேர்த்துவிடுவேன்.

நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் போக இடமில்லை. எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாதவன் என்றுதானே எனக்கு ஓட்டைவாயன் என்று பேர் வைத்தாய்? இரண்டு வருடமாக உன்னிடமே ஒன்றை மறைத்திருக்கிறேன்.

போன வாரம் நீ ஆராயும் குழாய்ப் புழுக்களிடம் கடலடிக்கு வண்டியை மறுபடி இறக்கினோம். இரண்டரை கிலோமீட்டர் ஆழம். தரை வெடிப்பிலிருந்து கொதிநீர் கருப்பாகப் பீறிடுகிறது, அதைச் சுற்றி வெள்ளைக் குழாய்கள் கொத்துக் கொத்தாக, நுனியில் சிவப்புக் கொண்டையோடு அப்படியே நிற்கின்றன. வாய் கிடையாது, வயிறு கிடையாது, உள்ளே குடியிருக்கும் பாக்டீரியா சமைத்துப் போடுவதைத் தின்றே ஆளுயரம் வளர்கின்றன. எல்லாம் நீ சொல்லிக்கொடுத்ததுதான். நான் மேலே திரைமுன் உட்கார்ந்து ஆளில்லா வண்டியின் இரும்புக் கையை ஆட்டுகிறவன், அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன் நீ காட்டிய குட்டைக் கொத்தின் அருகில், வருடாவருடம் அதையே அளக்க அடையாளமாக, ஏழாம் எண் தகட்டை நட்டேன். நீ சாப்பிடப் போனாய். வண்டியைத் திருப்பும்போது கை பட்டுத் தகடு உருண்டுவிட்டது. அதே இடம் என்று நம்பி மறுபடி நட்டேன். நீ திட்டுவாய் என்று பயந்து சொல்லவில்லை. போன வருடம் அந்தத் தகட்டருகே அளந்தபோது ஒரே வருடத்தில் ஒன்றரை மீட்டர் வளர்ந்திருந்தது. நீ எல்லோர் முன்னாலும் என்னைக் கட்டிக்கொண்டாய்.

இப்போது வண்டி கேமராவின் பழைய பதிவைப் போட்டுப் பார்த்தேன். முதலில் நட்ட இடத்தில் பாறையில் ஒரு விரிசல் இருக்கிறது. தகடு இப்போது நிற்கும் இடத்தில் விரிசலே இல்லை. ஏற்கெனவே வளர்ந்து நின்ற பக்கத்துக் கொத்தை அளந்திருக்கிறோம், அக்கா.

இருபத்தெட்டாம் தேதி உனக்கு நிரந்தர வேலைக்கான நேர்காணல். அந்த ஒன்றரை மீட்டரைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். உன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டேன். என்ன செய்யட்டும், சொல்.

உன்
ஓட்டைவாயன்


மார்ச் 10
வீட்டிலிருந்து

என் தம்பிக்கு,

முதலில் ஒழுங்காகச் சாப்பிடு. இங்கே எல்லோரும் நலம். உன் மருமகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது. அவள் அப்பாவுக்குக்கூடச் சிரித்துக் காட்டமாட்டாளாம், நீ வந்தால்தான் காட்டுவாளாம்.

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். எனக்குத் தெரியும்டா. அந்த ஒன்றரை மீட்டரை வைத்துக் கட்டுரை எழுதுமுன் பதிவு முழுவதையும் ஓட்டிப் பார்த்தேன். நீ தகட்டைத் தட்டியது, திருட்டுப் பூனை மாதிரி கேமராவை வேறு பக்கம் திருப்பியது, எல்லாம் அதில் இருக்கிறது. அன்று முழுக்க அறைக்குள் நடந்தேன். பிறகு கட்டுரையை அனுப்பிவிட்டேன்.

ஒன்பது வருடமாக, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வேலை நீட்டிப்புக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். அந்த வலி உனக்குத் தெரியாது. புழு வேகமாக வளர்கிறது என்பது பொய்யில்லை, எவ்வளவு என்பதில்தான் முன்னே பின்னே. வேலை கைக்கு வந்ததும் நானே திருத்திவிடுகிறேன்.

நீ செய்யவேண்டியது ஒன்றுதான். அடுத்த முறை வண்டி இறங்கும்போது தகட்டைப் பிடுங்கி எங்கேயாவது போட்டுவிடு. நீரோட்டத்தில் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். தலைமை ஆய்வாளரிடம் மூச்சு விடாதே. அம்மா போன பிறகு உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

அன்புடன்
அக்கா


மார்ச் 19
கப்பலிலிருந்து

அக்காவுக்கு,

நீ சொன்னபடி செய்யத்தான் போனேன். இரும்புக் கை தகட்டைப் பிடித்துவிட்டது. இழுக்கவேண்டியதுதான் பாக்கி. இழுக்காமல் பிடியை விட்டுவிட்டேன். வண்டியை விரிசல் பக்கம் நகர்த்தி, நிஜமான ஏழாம் கொத்தை அளந்தேன். மேலே ஏறியதும் தலைமை ஆய்வாளர் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

அவர் கத்தவில்லை. பதிவை இரண்டு தடவை பார்த்தார். "உங்க அக்காவுக்கு இது தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது சார்" என்றேன்.

இரும்புக் கையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். வண்டியின் வடம் சுற்றும் உருளைக்கு எண்ணெய் போடுகிறேன். அது போகட்டும். நேர்காணலில் கேட்டால் நீயும் தெரியாது என்றே சொல்லிவிடு, பழி என்னோடு போகும். உன்மேல் கோபமில்லை என்று எழுத நினைத்தேன். மூன்று முறை அந்த வரியைத் தொடங்கினேன், முடிக்க வரவில்லை. விடுமுறைக்கு வீட்டுக்கு வரமாட்டேன். மருமகளிடம் ஏதாவது சொல்லிச் சமாளி.

தம்பி


மார்ச் 29
வீட்டிலிருந்து

தம்பி,

உன்னைத் திட்டி மூன்று கடிதம் எழுதிக் கிழித்தாயிற்று. இது நாலாவது.

நேற்று மேஜைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். கப்பலிலிருந்து தகவல் வந்திருக்கிறது, பாவம், உங்களுக்குத் தெரியாமல் நடந்த பிழை என்று அவர்களே எனக்கு வழி விட்டார்கள். தலையாட்டினால் போதும். ஆட்டத்தான் போனேன். அதே கேள்விக்கு நீ சொன்ன பதில் ஞாபகம் வந்தது. என்னிடம் அடி வாங்கும்போதுகூட உனக்குப் பொய் வராது. எனக்காக ஒன்று சொல்லியிருக்கிறாய்.

"எனக்கு ஒரு வருஷமா தெரியும்" என்றேன்.

வேலை இல்லை. கட்டுரையைத் திரும்பப் பெறக் கடிதம் கொடுத்துவிட்டேன். ஆறு மாத நீட்டிப்பும் இனிக் கிடைக்காது. மாமா காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். நீ வராதே என்று சொல்லவும் மனசு வரவில்லை, வா என்று சொல்லவும் வாய் வரவில்லை.

நேற்றிலிருந்து ஒரே நினைப்பு. அடுப்பில் பாலை வைத்துவிட்டு இதையே யோசித்துக்கொண்டிருந்தேன், பொங்கி வழிந்துவிட்டது. நிஜமான ஏழாம் கொத்தை அளந்தேன் என்று எழுதியவன், எவ்வளவு என்று எழுதாமல் விட்டுவிட்டாய்.

எவ்வளவு வளர்ந்திருக்கிறது? வேறொன்றும் எழுதவேண்டாம். அதை மட்டும் எழுது.

அக்கா