அம்மாவின் அளவில் நாற்பது தோட்டாக்கள்

ஸ்னோசா, அக்டோபர் 3

அன்புள்ள மாரித்,

மெல்பர்னில் நீயும் குழந்தையும் சுகம்தானே? நானும் உடம்பளவில் சுகம். ஊரார் சொல்லி நீ கேள்விப்படுவதற்குள் என் மானம் போன கதையை நானே சொல்லிவிடுகிறேன். வேட்டையின் முதல் நாளே ஒரு கிடா எல்க் மான் கூப்பிடு தூரத்தில் வந்து நின்று என்னையே பார்த்தது. தோட்டாவைப் போட்டேன், துப்பாக்கியை அடைக்கும் போல்ட் மூடவில்லை, அடுத்ததைப் போட்டேன், அதுவும் மூடவில்லை, மான் சலித்துப்போய் நடையைக் கட்டியது. குழுத் தலைவன் ஓட்வார் ரேடியோவில் எல்லாரும் கேட்க, "என்னய்யா ஹல்வார், கொம்பப் பிடிச்சு இழுத்துட்டு வரப் போறியா?" என்றான். வசந்தத்தில் உன் அம்மாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனது போதாதாம், நக்கல் வேறு.

தப்பு என்னுடையதுதான். இருபது வருஷமாக என்னுடையது, அம்மாவுடையது என்று இரண்டு துப்பாக்கிக்கும், சுட்டு முடிந்த கூடுகளில் மறுபடி மருந்து போட்டுத் தோட்டா நிரப்புகிறவன் நான். ஒரே ரகம்தான் என்றாலும் அம்மாவுடையதில் தோட்டா உட்காரும் இடம் என்னுடையதைவிட மயிரிழை நீளம், அதனால் முதலில் அவளுடைய பித்தளைக் கூடுகளை அச்சில் அழுத்தி முடித்துவிட்டு, அச்சை இம்மி கீழே திருகி என்னுடையதைச் செய்வேன், ஒரு வெற்றுக் கூட்டைத் துப்பாக்கியில் போட்டு மூடியும் பார்ப்பேன். இந்த வருஷம் காலிப்பர் அளவுகோலால் மட்டும் அளந்தேன், சுவரில் ஒட்டிய சீட்டோடு எண் ஒத்துப்போனது, நாற்பதையும் நிரப்பிவிட்டேன். அந்த எண்ணுக்கு மேலே 'பென்தே' என்று உன் அம்மா பெயர் என் கையெழுத்திலேயே இருக்கிறது. கண் தெரியாமல் இல்லை மாரித், அச்சைத் திருகக் கை வரவில்லை, திருகினால் இனி அவளுக்கு நிரப்பப் போவதில்லை என்று ஆகிவிடுமே.

மத்தியானம் நெருப்பு மூட்டிக் காப்பி குடிக்கும்போது, அதே குழுவில் வேட்டைக்கு வந்திருந்த அம்மா என் தோட்டா ஒன்றை வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, "அட மக்கு, என் அளவுக்குச் செஞ்சுட்டியா?" என்றாள். கண்ணாடி போடாமல் அளந்துவிட்டேன் என்று புளுகினேன். சிரித்தாள். பெட்டியோடு நீட்டினேன், மறுபேச்சில்லாமல் பையில் வைத்துக்கொண்டாள், வீடு வந்து சேரும்வரை எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அவளோடு போனில் பேசும்போது அவள் பக்கமே பேசு, என் பக்கம் யாராவது பேசினால் அழுதுவிடுவேன். குழந்தைக்குக் கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், அங்கே வெயில் என்று சாக்குச் சொல்லாமல் போட்டுவிடு. உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராதிருக்கட்டும்.

உன் அப்பா,
ஹல்வார்

பி.கு. உறை ஒட்டுமுன் ஓட்வார் வந்து பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். அம்மா அந்தத் துப்பாக்கியை ஜூன் மாதமே விற்றுவிட்டாளாம், புதியது வேறு ரகமாம். அன்றைக்கு அவள் தோளில் தொங்கியது அந்தப் புதியதுதானாம், நான் முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.