போர்டுக்குக் கீழே ஒரு ஜோடி செருப்பு

என் அன்பான வீட்டுக்காரருக்கு,

அன்பான என்று எழுதிவிட்டு, அடித்துவிடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். போகட்டும், இருக்கட்டும். மாலை போட்ட போட்டோவுக்கு எழுதும்போது அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் போலிருக்கிறது.

ஆயுத பூஜை வருகிறது. அத்திபெலே கடைத்தெருவில் பூசணிக்காயும் பொரி மூட்டையும் வந்து இறங்கிவிட்டன. பொம்மசந்திராவில் உங்கள் ஃபாக்டரியில் இந்த வருஷமும் மெஷினுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டுவார்கள். உங்களை யாரும் நினைக்க மாட்டார்கள். நீங்கள் மெமோ கொடுத்த ஆட்கள் வேண்டுமானால் நினைப்பார்கள்.

அந்த மெமோவைப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும். ஷிஃப்டில் ஒரு பையன் அவசரத்துக்கு எலக்ட்ரிக் பேனலைத் திறந்துவிட்டான் என்று வீட்டுக்கு வந்து எப்படிக் கத்தினீர்கள். "லைசென்ஸ் இல்லாதவன் பேனல்ல கை வெச்சா அவனுக்கும் சாவு, பக்கத்துல நிக்கிறவனுக்கும் சாவு" என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து எனக்கு வகுப்பு எடுத்தீர்கள். அதே மாதத்தில்தானே நம் வீட்டுப் பழைய ஃப்யூஸ் கட்டைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புது இரும்புப் பெட்டி மாட்டினீர்கள்? ஃபாக்டரி கரன்ட் வேறு, வீட்டுக் கரன்ட் வேறா?

"நம்ம வீடு, நம்ம போர்டு. எவன்கிட்ட நான் பர்மிஷன் கேக்கணும்?" என்றீர்கள். பக்கத்து வீட்டு மஞ்சுநாத் காம்பவுண்டு மேல் கையை வைத்துக்கொண்டு, நீங்கள் செய்யாதீர்கள் என்று அவர் பாஷையில் சொன்னார். "நீவு மாடபேடி சார்." நீங்கள் சிரித்தீர்கள். உங்களுக்கு அந்தச் சிரிப்பு ஒன்று உண்டு. அதைப் பார்த்தால் எதிரே நிற்கிறவருக்கு வாய் அடைத்துப்போகும்.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். பார்க்க அழகாக இருந்தது. வகிடு எடுத்துச் சீவிய தலை மாதிரி ஒயர்களை வரிசையாக மடித்திருந்தீர்கள். தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுக் கதவைத் திறந்து காட்டினீர்கள். அவர்களும் பாராட்டினார்கள். ஒயர் எங்கே போய் முடிகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

எர்த் ஒயரைக் கொண்டுபோய்ச் சமையலறைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்தீர்கள். இரும்புக் குழாய் மண்ணுக்குள் போகிறது, அது போதும் என்றீர்கள். சரி, கட்டினீர்கள். மறு வருஷம் குழாய் துருப்பிடித்துத் தண்ணீர் மஞ்சளாக வந்ததும், அதையும் யாரையும் கூப்பிடாமல் நீங்களே அறுத்து, பிளாஸ்டிக் குழாய் போட்டீர்கள். அவிழ்த்த எர்த் ஒயரை என்ன செய்தீர்கள்? மறக்காமல் அந்தப் பிளாஸ்டிக் குழாயிலேயே சுற்றி, முறுக்கி, கிளிப் போட்டு இறுக்கினீர்கள். இதை நான் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் வீடு எங்களைக் கடிக்க ஆரம்பித்தது. ஃப்ரிஜ்ஜைத் திறந்தால் விர்ரென்றது. வாஷிங் மெஷினைத் தொட்டால் முழங்கை வரை எறும்பு ஓடியது. உங்களிடம் சொன்னேன். நீங்கள் போர்டைத் திறந்து பார்க்கவில்லை. நேராகக் கடைக்குப் போய் ஹவாய்ச் செருப்பு வாங்கி வந்தீர்கள். ஃப்ரிஜ்ஜுக்கு ஒரு ஜோடி, மெஷினுக்கு ஒரு ஜோடி, போர்டுக்குக் கீழே ஒரு ஜோடி.

"சின்ன லீக்கேஜ்தான் சரோஜா. எந்த வீட்லதான் இல்ல? செருப்பப் போட்டுக்கினு தொடு."

நாங்களும் போட்டுக்கொண்டு தொட்டோம். வீட்டுக்கு வந்தவர்களுக்கும் செருப்பை நகர்த்திக் கொடுத்தோம். உங்கள் தங்கை திருப்பத்தூரிலிருந்து வந்தபோது, பெங்களூரில் இருப்பவர்களுக்கு என்ன மரியாதை என்று பூரித்துப்போனாள். மனுஷன் எதற்குத்தான் பழக மாட்டான்? உங்களோடு இருந்து நான் எல்லாவற்றுக்கும் பழகினேன்.

அந்த ஆயுத பூஜைக் காலையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கடைசிப் பகுதி உங்களுக்குத் தெரியாது அல்லவா, அதனால் சொல்கிறேன். கூடத்தைக் கழுவிவிட்டு நான் சந்தனக் கிண்ணத்தை நீட்டினேன். குளித்த ஈரத்தோடு வந்தீர்கள். உங்கள் ஸ்கூட்டருக்கும் என் தையல் மெஷினுக்கும் பொட்டு வைத்தீர்கள். அப்புறம் போர்டுக்கு வந்தீர்கள். கீழே செருப்பு இருந்தது. வருஷம் முழுக்க அதைப் போடாமல் நீங்கள் அந்தப் பெட்டியைத் தொட்டதே இல்லை.

"சாமி காரியம், செருப்போடவா செய்வாங்க?" என்று நீங்களே அதைக் காலால் தள்ளி, ஜோடி சேர்த்து, ஓரமாக வைத்தீர்கள்.

இடது கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு சந்தனம் வைத்தீர்கள். குங்குமம் வைக்கவில்லை. மஞ்சுநாத் ஓடி வந்து, பூஜைக்குப் போட்டிருந்த மரப் பலகையை எடுத்து உங்களைத் தள்ளினார். உங்கள் உள்ளங்கை பெட்டியை விட்டு வந்தபோது உங்களிடம் ஒன்றும் மிச்சமில்லை.

நல்ல நாளில் போனார், புண்ணியம் செய்த ஆத்மா என்று உங்கள் தங்கை அழுதாள். எனக்கு வந்ததே கோபம். "புண்ணியமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பிளாஸ்டிக் பைப்ல எர்த் குடுத்தாரு, செத்தாரு" என்று நடுக்கூடத்தில் சொன்னேன். இன்று வரை அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உங்கள் போட்டோவுக்கு முன்னால் ஒரு சிவப்பு பல்பு மாட்டலாம் என்று நம் பிள்ளை பிரபு கேட்டான். எண்ணெய் விளக்கு போதும், உங்கப்பாவுக்குக் கரன்ட் குடுத்தது போதும் என்றேன். அவனும் அன்று சாப்பிடவில்லை.

பெட்டியை அப்போதே பிடுங்கி எறிந்திருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். லைசென்ஸ் உள்ள ஆள் வந்து, தோல் உரிந்த ஒயரை மாற்றி, வாசலில் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு எர்த் இறக்கினார். பெட்டி கெட்டியாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும் என்றார். இருந்தது. உங்கள் சந்தனமும் அதில் காய்ந்து இருந்தது. நான் துடைக்கவில்லை. பாசத்தால் என்று நினைத்துவிடாதீர்கள். தானே போர்டு மாற்றப் போகிறேன் என்று இந்தத் தெருவில் எவனாவது சொன்னால், கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டுவதற்கு வைத்திருந்தேன்.

கடைசியில் அதைக் காட்ட வேண்டியவன் நம் வீட்டுக்குள்ளேயே இருந்தான். பிரபுவுக்குக் கல்யாணமாகிப் பெண் குழந்தை பிறந்து, அது வீடெல்லாம் ஓடுகிறது. நிலா என்று பெயர். மாடியில் அவன் வீடு கட்டியிருக்கிறான். ஏசி, கீசர் எல்லாம் வருவதால் பழைய பெட்டி தாங்காது. போன ஞாயிற்றுக்கிழமை புதுப் பெட்டி வாங்கி வந்து கூடத்தில் பிரித்து வைத்தான். இன்டர்நெட்டில் எடுத்த படங்கள் ஒரு கட்டு. பக்கத்தில் உங்கள் டூல் பாக்ஸ். உங்களுடையதேதான்.

"யாருடா மாட்டப் போறது?" என்றேன்.

"நான்தாம்மா. ஒரு நாள் வேல. அப்பா எர்த்ல தப்பு பண்ணிட்டாரு. நான் பண்ண மாட்டேன்."

"உங்கப்பாவும் தப்பு பண்ணப் போறேன்னு சொல்லிட்டுப் பண்ணல."

அவன் சிரித்தான். உங்கள் சிரிப்பு. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் உங்கள் இருவரையும் சேர்த்து அறைய வேண்டும் போலிருந்தது. பெற்றவனையே விழுங்கிய வேலையை, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிற பிள்ளை படம் பார்த்துச் செய்கிறேன் என்கிறான். பல்பு மாற்று, ஃபேனைத் துடை, யார் வேண்டாம் என்றார்கள்? குழாயில் தப்புச் செய்தால் தண்ணீர் ஒழுகும், கண்ணுக்குத் தெரியும். இதில் தப்புச் செய்தால் விளக்கெல்லாம் அழகாக எரியும், கரன்ட் உள்ளே சும்மா காத்திருக்கும். சொந்த வீடு என்பதால் கரன்ட் சொந்தக்காரனாகிவிடுமா?

இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் பதில் வைத்திருப்பான். உங்களோடு வாக்குவாதம் செய்து அவன் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். உள்ளே போய் நிலாவைத் தூக்கி வந்தேன். குளித்த ஈரம் காயாத குழந்தை. உங்கள் போர்டுக்குக் கீழே வெறுங்காலோடு நிறுத்தினேன்.

"தாராளமா மாட்டுடா. உனக்குத்தான் தெரியுமே. முடிச்சதும் கரன்டப் போட்டுட்டு, மொதல்ல இவ வந்து தொடட்டும். ஈரக் கையோட. செருப்பு இல்லாம."

மருமகள் பாய்ந்து வந்து குழந்தையைப் பறித்துக்கொண்டு போனாள். போகும்போது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை மறக்க மாட்டேன். பிரபு சந்தனக் கறையைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஸ்க்ரூ டிரைவரை டூல் பாக்ஸில் வைத்து மூடினான். பிறகு அந்த டூல் பாக்ஸ் மேலேயே உட்கார்ந்து, உங்களைக் கொண்டுபோன அன்றைக்கு அழாத அழுகையெல்லாம் அழுதான். நான் தேற்றவில்லை. பார்த்துக்கொண்டு நின்றேன். நான் கொடுமைக்காரியா? நீங்கள்தான் சொல்லுங்களேன்.

மறுநாள் அவனே லைசென்ஸ்காரருக்குப் போன் செய்தான். அவர் வந்து மீட்டரிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சோதித்து, புதுப் பெட்டி மாட்டிவிட்டுப் போனார். உங்கள் பெட்டி பழைய இரும்புக்காரரின் தள்ளுவண்டியில் போனது. சந்தனத்தோடுதான். தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்றேன். அதற்கு மேல் கேட்காதீர்கள். இத்தனை வருஷமாகத் திட்டிக்கொண்டே இருப்பது எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். திட்டுவதை நிறுத்தினால் நான் என்ன ஆவேன்?

மருமகள் இன்னும் குழந்தையை என்னிடம் தரவில்லை. தருவாள். தராவிட்டாலும் அது வளரட்டும், எனக்கு அது போதும்.

இந்த ஆயுத பூஜைக்குக் கூடத்தை நானே கழுவுகிறேன். குளித்துவிட்டு, தலை காயாமல் வருகிறேன். நீங்கள் ஓரமாக வைத்துவிட்டுப் போன அந்த ஹவாய்ச் செருப்பைக் குப்பையில் போட்டுவிட்டு, வெறுங்காலோடு நின்று, இடது கையால் புதுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு சந்தனம் வைப்பேன். அதன் மேல் நீங்கள் வைக்காமல் போன குங்குமத்தையும் வைப்பேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு. வைத்துவிட்டு உங்கள் போட்டோ பக்கம் திரும்பிப் பார்ப்பேன். அப்போது சிரியுங்கள் பார்க்கலாம்.

இப்படிக்கு,
நீங்கள் விட்டுப்போன மனைவி,
பிரபுவின் அம்மா, நிலாவின் பாட்டி,
சரோஜா