நீல ஜெர்ஸியில் நீ ஆடிய ஞாயிறு

அன்பு மகன் அபகூக்கிக்கு, அம்மாவின் முத்தங்கள். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம், ஆற்றில் வெள்ளமும் வடிந்துவிட்டது. நீயும் மருமகள் எலோடியும் சுகம்தானே, டிவியில் உன் முழங்காலில் கட்டு இல்லாததைப் பார்த்தேன், பாதிக் கவலை அப்போதே போய்விட்டது.

அன்றைக்கு இங்கே நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம். நம் ஃபிஜி ரக்பி அணிக்குக் கூப்பிடுவார்கள் என்று நீ வருஷக்கணக்காகக் காத்திருந்ததும், முழங்கால் முறிந்து கிடந்தபோது பிரான்ஸ்காரர்கள்தான் உன்னைத் தேற்றி ஆட வைத்ததும் எனக்குத் தெரியும், அதனால் நீ அவர்களுடைய நீல ஜெர்ஸியைப் போடப் போகிறேன் என்றபோது நான் அழுதாலும் சரி என்றேன். உன் அப்பாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. அன்றிலிருந்து உன்னோடு பேசவில்லை, போனில் உன் குரல் கேட்டாலே எழுந்து வெளியே போய்விடுவார். அதிலும் முதல் ஆட்டமே நம் ஃபிஜிக்கு எதிராக என்றதும் கேட்க வேண்டுமா.

போதகர் ஆராதனையைத் தள்ளிவைத்துவிட்டார், ஊரே கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. உன் அப்பா மட்டும் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் கத்தியைத் தூக்கிக்கொண்டு மரவள்ளித் தோட்டத்துக்குப் போனார். டிவியில் நீ பிரான்ஸின் தேசிய கீதத்துக்கு வாயசைத்தாய். ஆட்டம் தொடங்குமுன் நம் பையன்கள் ஆடும் போர்க்கூத்துக்கு எதிரே நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். சகியூசா சித்தப்பாவின் வாய்தான் உனக்குத் தெரியுமே, தன் மகன் கமினியேலி ஃபிஜிக்கு ஆடுகிறான் என்ற பெருமை வேறு. வந்த பந்தை நீ பிடிக்காமல் நழுவவிட்டதும், பிரெஞ்சு ரொட்டி தின்று தின்று பையனுக்குக் கையெல்லாம் மெத்தையாகிவிட்டது என்றார், எல்லோரும் சிரித்தார்கள். அப்போது ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு குரல்: "அவன் என் புள்ளடா. திட்டணும்னா நான் திட்டிக்கிறேன், நீ வாய மூடு."

உன் அப்பாதான். மழையில் தொப்பலாக நனைந்து நின்றிருந்தார், கத்தியில் ஒரு துளி மண் இல்லை, தோட்டத்துக்கே போகவில்லை மனுஷன். நேராக உள்ளே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார், இடம் விடாமல் என்ன செய்வார்கள்.

அதற்கப்புறம்தான் உன் கைக்குப் பந்து வந்தது. எதிரே கமினியேலி. சின்ன வயதில் ஆற்று மணலில் அவனை ஏமாற்றுவாயே, அதேபோல் உள்பக்கம் காட்டி வெளிப்பக்கம் பாய்ந்தாய், அவன் காற்றைக் கட்டிப்பிடித்து விழுந்தான். நீ எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றிப் புள்ளி எடுத்தபோது கூடத்தில் சத்தமே இல்லை, கத்துவதா வேண்டாமா என்று ஒருவருக்கும் புரியவில்லை. உன் அப்பா மட்டும் எழுந்து நின்று, "ஓடினான் பாரு, என் புள்ள ஓடினான் பாரு" என்று கத்தினார். கூடமே வெடித்தது. சித்தப்பா கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, "நம்ம ஊர்க்காரனாலதான் நம்ம ஊர்க்காரன இப்படி ஏமாத்த முடியும்" என்று அவரும் சிரித்தார்.

கடைசியில் ஃபிஜி மூன்று புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்ததும் உன் அப்பா அதற்கும் ஆடினார். கத்திக் கத்தி, அப்புறம் நடந்த ஆராதனையில் பாட ஒருவருக்கும் தொண்டை இல்லை. மத்தியானம் மண்ணடுப்பில் பன்றி சுட்டோம், சித்தப்பாவும் உன் அப்பாவும் ஒரே சிரட்டையில் மாற்றி மாற்றிக் கவா வேர்ச்சாறு குடித்தார்கள்.

குளிரில் வெறும் தலையோடு திரியாதே, தோற்றதற்காக எலோடியிடம் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டிருக்காதே, ஜெபிக்காமல் படுக்காதே. ஆண்டவர் உன் எலும்புகளையெல்லாம் காக்கட்டும், உங்கள் வீட்டில் சீக்கிரம் ஒரு மழலைச் சத்தம் கேட்கட்டும். வருகிற ஞாயிறு ஆராதனை முடிகிற நேரத்துக்குப் போன் செய். நான் எடுக்க மாட்டேன். எவ்வளவு நேரம் அடித்தாலும் வைத்துவிடாதே, உன் அப்பா எடுப்பார்.

என்றும் உன் அம்மா,
உனாய்சி