ஒரு வில்லைக்காக நின்ற மலை

என் பெரியவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் தங்கை, உங்கப்பா, அவருடைய மூக்குநுனிக் கோபம் எல்லோரும் நலம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பிக்கைதான், போனில் உன் குரலைக் கேட்டால் அப்படித் தெரியவில்லை. தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கிடைக்காது, நான் ஒருத்தி வரலைன்னா ஒண்ணும் நின்னுடாது, தேதியக் குறிச்சு முடிச்சிடுங்க என்று சொல்லி போனை வைத்துவிட்டாயே, அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உங்கப்பாவோ, அவளே சொல்லிட்டா, அப்புறம் என்ன என்று காலண்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்.

அது இருக்கட்டும், முந்தாநாள் நடந்ததைக் கேள். உன் தங்கை வேலை பார்க்கும் மலை மின்நிலையத்தில் பழுது பார்ப்பதற்காகச் சுரங்கத்துத் தண்ணீரை வடித்திருந்தார்கள், மறுபடி நிரப்புவதற்குள் குடும்பத்தாரை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார்கள். அடியம்மா, மலைக்குள்ளே பஸ் போகிறது! உள்ளே நம் தெருவையே தூக்கி வைக்கலாம் போல ஒரு கூடம், நடுவே மெஷின், அண்ணாந்து பார்த்து எனக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. மலை உச்சியில் ஓர் ஏரி, அடியில் ஓர் ஏரி, இரண்டுக்கும் நடுவே இந்தச் சுரங்கம். சாயங்காலம் ஊரெல்லாம் விளக்குப் போடும்போது மேலே இருக்கிற தண்ணீரை விழவிட்டுக் கரண்ட் எடுக்கிறார்கள், உச்சி வெயிலில் சூரிய கரண்ட் மிஞ்சிக் கிடக்கும்போது அதே மெஷின் எதிர்ப்பக்கம் சுற்றித் தண்ணீரை மேலே தள்ளுகிறது. தண்ணீர் பள்ளத்தைத்தான் தேடும் என்று கேட்டு வளர்ந்தவள் நான், இங்கே ஓர் ஏரியே மலை ஏறுகிறது! ஏற்றுவதற்குச் செலவாகும் கரண்ட் இறங்கும்போது முழுசாகத் திரும்பாதாம். அப்புறம் எதுக்குடி இந்த வெட்டி வேலை என்று உன் தங்கையைக் கேட்டேன். வேணுங்கிற நேரத்துல கையில இருக்கணும்ல அம்மா என்றாள்.

சுரங்க வாசலில் ஒரு பலகை நிறைய ஆணிகள், ஆணிக்கு ஒரு பித்தளை வில்லை. உள்ளே போகிறவர் ஒன்றை எடுத்துக்கொண்டு போக வேண்டும், வெளியே வந்ததும் அதே ஆணியில் மாட்ட வேண்டும். ஓர் ஆணி வெறுமையாக இருந்தாலும் தண்ணீர் விட மாட்டார்கள், யாரோ உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். நாங்கள் உள்ளே நிற்கும்போதா உங்கப்பா கல்யாணத் தேதியை எடுக்க வேண்டும்? பெரியவள் வராமல் தேதியே கிடையாது என்றேன். விறுவிறு என்று வெளியே நடந்துவிட்டார். காவலாளி, யாரோ ஒரு குழந்தையின் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், வில்லையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே பால் வண்டியில் ஏறி வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார். அவர் போன் என் பையில்.

எல்லோரும் வெளியே வந்தும் ஓர் ஆணி வெறுமை. உங்கப்பாவுடையதுதான், கோபத்தில் வழி தவறி உள்ளேயே எங்கோ நிற்கிறாரோ என்று பயந்தேன். உன் தங்கை முகத்தில் ரத்தமே இல்லை, விளக்கை எடுத்துக்கொண்டு அப்பா அப்பா என்று கத்திக்கொண்டே திரும்பவும் சுரங்கத்துக்குள் ஓடினாள், அந்தக் குரல் சுற்றிச் சுற்றி என்னிடமே வந்தது. தலைமை ஆபீஸிலிருந்து போனுக்கு மேல் போன், ஏன் இன்னும் ஆரம்பிக்கல என்று. உன் தங்கையின் மேலதிகாரி ஓர் அம்மாள், அவர்தான் எங்க ஆள் ஒருத்தர் இன்னும் உள்ள இருக்காரு, ஊரே இருண்டாலும் தண்ணி வராது என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த மெஷின், அந்த இரண்டு ஏரி, அவ்வளவு பெரிய மலை, எல்லாம் முணுமுணுக்காமல் நின்றதடி, கேவலம் ஒரு முன்கோபிக்காக! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கடைசியில் வீட்டுக்கு ஜீப் அனுப்பிப் பார்த்தால், இந்த மனுஷன் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார், நெஞ்சுக்கு மேல் சட்டைப்பையில் வில்லை.

சாயங்காலம் தங்கை வந்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன், அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்புறம், ஒரு வில்லை குறைஞ்சா நான் மெஷினையே தொட மாட்டேன் அப்பா, அக்கா இல்லாம கல்யாணக் கையெழுத்து மட்டும் போட்டுடுவேனா என்று கேட்டாள். அவர் காலண்டரை எடுத்துப் பழைய இடத்தில் மாட்டினார். மறுநாள் காலையில் டொக் டொக் என்று சத்தம், போய்ப் பார்த்தால் வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஆணி அடிக்கிறார். எதற்கு என்றேன். பெரியவ பையை மாட்ட என்றார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

நீ ஒருத்தி வராவிட்டால் ஒன்றும் நிற்காது என்றாயே, இங்கே எல்லாம் நின்றுதான் இருக்கிறது. எந்த மாதம் லீவு கிடைக்கும் என்று மட்டும் சொல், அதுதான் தேதி. மாப்பிள்ளை வீட்டாரிடம் அப்பாவே பேசிவிட்டார். நீ நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள். ஆணி கோணல்தான், வந்து பார்த்துச் சிரி.

கதவுப் பக்கமே கண்ணாக,
உன் அம்மா