துரை தொப்பியைக் கழற்றிய ஞாயிறு

7 மார்ச், சனி

காலையிலேயே கொளுத்தும் வெயில். மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் மாற்ற வேண்டும். முழங்கால் தேவலை.

மகள் வள்ளி படம் அனுப்பியிருந்தாள். அவள் வேலை பார்க்கும் அமெரிக்க ஊர், ஜார்ஜியா பக்கம். ஊருக்குப் பிறந்தநாளாம். பழைய காலத்துக் கோட்டும் மூன்று முனைத் தொப்பியுமாக வெள்ளைக்காரர்கள் படகிலிருந்து இறங்குகிறார்கள். வந்தவன் தரையில் கோடு கிழித்தான், தெரு ஆயிற்று, ஊர் ஆயிற்று. அதுதான் நாடகம்.

போன் போட்டேன். "மரம் வெட்டுனது யாரு?"

"அப்பா, ஆரம்பிச்சிட்டீங்களா!" சிரித்தாள். பிறகு சொன்னாள். "அடிமைங்கள வச்சி வெட்டுனாங்க. அதுக்கு முன்னாடி அங்க இருந்த சனங்கள தொரத்திட்டாங்க. நாடகத்துல அதெல்லாம் வராதுப்பா."

வராது. இங்கே மட்டும் வருகிறதா?

ரெம்பியா தாண்டி இருக்கும் நாலு கடை உள்ள எங்கள் பெக்கானுக்கும் அடுத்த ஞாயிறு பிறந்தநாள் விழா. குழுத் தலைவர் என் சகலை மணியம். இனி இதில் ம. என்று மட்டும் எழுதுவேன். சந்தியில் பலகை நட்டாயிற்று: இவ்வூரை உருவாக்கியவர் தோட்டத் துரை. காடு முழுதும் வெட்டி முடிந்தபின் குதிரையில் வந்தவன் அவன். வெட்டியது என் தாத்தா கும்பல். மண்டபத்தில் நடந்த குழுக் கூட்டத்தில் சொன்னேன்.

ம.: "பலகையில எடம் இல்ல சகலை."

எழுந்து வந்துவிட்டேன். இனி அந்த மண்டபத்தில் கால் வைப்பதில்லை.

இங்கும் நாடகம் உண்டு. துரை வேடம் யாருக்கு? ம.வுக்கே.

10 மார்ச், செவ்வாய்

பாசார். கத்தரிக்காய், நெத்திலி, எலுமிச்சை. நெத்திலி விலை அநியாயம்.

திரும்பும்போது மண்டப வேலியோரம் கொஞ்சம் நின்றேன். பார்க்கப் போகவில்லை. வழி அதுதான். ம. வெள்ளை அரைக்கால் சட்டையில். கால் இரண்டும் முருங்கைக்காய். தொப்பி மட்டும் நன்றாக இருந்தது.

13 மார்ச், வெள்ளி

இன்று நடந்ததை விடாமல் எழுத வேண்டும்.

சாயங்காலம் ஒத்திகை. மண்டபத்துக்குப் பக்கத்தில், முனியாண்டி கோயில் தெம்புசு மரத்தடியில். ம. கையைக் காட்டி "வெட்டுங்கள்!" என்றான். கூலிகளாக நடிக்கும் பெண்கள் அட்டைக் கோடரியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

லெட்சுமி அக்காதான் முதலில். தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர், என்னைவிட இளையவர்தான், ஊருக்கே அக்கா. "சாமிய கேக்காம மரத்துல கை வைக்க மாட்டோம்."

"நாடகம்லா அக்கா! அட்டைக் கோடரி!"

"மரம் அட்டையா? முனி அட்டையா?"

 வேலிக்கு வெளியே நின்றிருந்த நான் சிரித்துவிட்டேன்.

வழக்கம் இதுதான். காடு வெட்டுமுன் கும்பலில் மூத்தவர் சூடம் கொளுத்தி, எலுமிச்சை அறுத்து, முனிக்குச் சுருட்டும் ஸ்டவுட் பீரும் வைத்துக் கேட்க வேண்டும். பல்லி சொன்னால்தான் முதல் வெட்டு. அதுவரை யாரும் அசையக் கூடாது.

"அப்ப கேக்குறது யாரு? துரையா?" என்றான் ம.

"தொரைக்கு என்னா தெரியும்? வயசுல மூத்தவரு கேக்கணும். தோ, வேலிகிட்ட வீம்பா நிக்கிறாரு பாரு."

நான் மோட்டாரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். கூப்பிட வேண்டியவன் வந்து கூப்பிடட்டும்.

வந்தான். அதே அரைக்கால் சட்டை, தலையில் ஹெல்மெட், கூடையில் துரைத் தொப்பி. அவன் கப்சாய் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் தெருப் பிள்ளைகள் எல்லாம்.

"வா சகலை. பொம்பளைங்க எந்திரிக்க மாட்றாங்க."

"மண்டபத்துக்குள்ள வர மாட்டேன்."

"மரம் வெளியதான இருக்கு!"

அது சரிதான். இரண்டு நிபந்தனை போட்டேன். கேட்டு முடியும்வரை துரை தொப்பியைக் கழற்றி நிற்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது. ஒப்புக்கொண்டான். டீ குடித்தோம். வெகு நாளைக்குப் பிறகு.

15 மார்ச், ஞாயிறு

மழை வரும் போலிருந்தது, வெயில்தான் வந்தது. நல்ல கூட்டம். மலாய்க்காரர்கள், சீனர்கள், தங்கா பத்து பக்கம் குடிபோன பழைய ஊர்க்காரர்கள் எல்லோரும்.

சுருட்டைப் பற்ற வைத்தேன். கேட்டேன். "சாமி, பஞ்சம் பொழைக்க வந்தவங்க. உன் காட்டத் தொடுறோம். உத்தரவு குடு." தாத்தா சொன்னதாக அப்பா சொன்ன சொல். 

பல்லி சொல்லவில்லை.

 துரை வெயிலில், தொப்பி நெஞ்சில், வழுக்கை பளபள. வியர்வை மூக்கில் சொட்டியது.

"சகலை, போதும்லா..."

"தொரை பேசக் கூடாது."

பெண்கள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்தார்கள். அப்போது மரத்தில் பல்லி சொன்னது. எல்லோருக்கும் கேட்டது. எழுந்த கூச்சல்! லெட்சுமி அக்கா குலவை. மேளக்காரர் தானாக அடித்தார். ம.வே தொப்பியை மேலே வீசினான். மரத்தில் மாட்டிக்கொண்டது. இன்னும் அங்கேதான்.

வள்ளிக்கு வீடியோ போனது. "அப்பா, இங்க ஆபீஸ் குரூப்புல எல்லாருக்கும் அனுப்பிட்டேன். மரத்துகிட்ட கேட்ட ஊராங்கிறாங்க." கேட்ட ஊர்தான்.

ஆட்டுக்கறி விருந்து. மண்டபத்துக்குள். நான் வாசலில் நாற்காலி போட்டுச் சாப்பிட்டேன். சொன்ன சொல் சொல்தான். ம. தன் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

16 மார்ச், திங்கள்

முழங்கால் வலி. நேற்று ஆடியிருக்கக் கூடாது.

பலகையில் இன்னும் துரைதான். ம. சொல்கிறான், "அடுத்த வருசம் பாப்போம்." முடியாது. சிவப்புச் சாயம் வாங்கிவிட்டேன். துரைக்கு மேலே இடம் இருக்கிறது, நானே பார்த்தேன். காடு வெட்டியவர்கள் என்று மட்டும் போட்டால் போதும்.

ஏணி ம. வீட்டில். கேட்டேன்.

"நீ ஏறாத. கால் சரியில்ல. நான் ஏறுறேன், நீ புடி."

நாளைக் காலை.