மெக்னிஃபிசென்ட் என்றேன் துரையிடம்

ஐப்பசி, செவ்வாய் இரவு. பிரிக்பீல்ட்ஸ்.

வெள்ளிக்கிழமை கிள்ளானில் அப்பாவுக்குக் கருமாதி. லீவு கேட்க ரயில்வே ஆபீஸ் வெள்ளைக்காரத் துரையிடம் போனேன். அவர் நல்லவிதமாகத்தான் ஆரம்பித்தார். அப்பாவின் இறுதிச் சடங்கு எப்படி நடந்தது என்று கேட்டார். "மெக்னிஃபிசென்ட், சார்" என்றேன்.

துரையின் முகம் கோணிவிட்டது. அது அரண்மனைக்கும் ராஜா ஊர்வலத்துக்கும் சொல்கிற சொல்லாம். அப்பனைப் பறிகொடுத்தவன் வாயில் வருகிற சொல்லா இது என்றார். "உன் திருவிழாதான் முடிந்துவிட்டதே, போய் வேலையைப் பார்" என்று லீவு இல்லை என்றுவிட்டார்.

வேறு என்னத்தைச் சொல்வேன்? பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க, மேளம் முழங்க, பூத்தேரில் போனார் அப்பா. "ராஜா மாதிரி போயிட்டாருடா உங்கப்பா" என்று அம்மாவே அழுகைக்கு நடுவில் பெருமைப்பட்டாள். அதைத்தானே ஐயா நான் இங்கிலீஷில் சொன்னேன்!

லீவு இல்லாமல் போனால் வேலை போய்விடும். ஆள் குறைக்கிற காலம் இது. நாளைக்கு மறுபடி கெஞ்சலாம். ஆனால் எந்தச் சொல்லை நம்பி வாயைத் திறப்பது?

வெள்ளிக்கிழமை அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிண்டம் வைக்க அவளுக்கு வேறு பிள்ளை இல்லை.