வெற்றிலைக்கு அடியில் இருந்த போன்

புந்தோங், ஈப்போ
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தேவி அப்பாவுக்கு,

விமலா எழுதிக்கொள்வது. நானும் தேவிஸ்ரீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? மருந்து கேட்டால் கொடுப்பார்கள் என்று போன தடவை பார்க்க வந்தபோதே சொன்னேன். நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். வாய் திறந்து ஒன்றைக் கேட்பதற்குள் உங்களுக்கு விடிந்துவிடும்.

தமிழில் எழுதினால் படித்துப் பார்த்து உங்கள் கையில் கொடுக்க நாளாகும் என்று தாப்பா ஜெயிலில் சொன்னார்கள். ஆகட்டும். மலாயில் எழுதினால் நலம், நலமா என்பதற்கு மேல் எனக்கு ஓடாது. உங்களுக்கு முன்னால் இதைப் படிக்கிற அதிகாரி யாராக இருந்தாலும் நன்றாகப் படிக்கட்டும். ஒரு மண்டபமே பார்த்துச் சிரித்தாகிவிட்டது, இனி அவர் ஒருவரிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

மோட்டார் சைக்கிளுக்குச் சங்கிலி மாற்றிவிட்டேன். கையுறை செய்யும் கிளவ் பேக்டரியில் எனக்குக் காலை ஷிப்டே கொடுத்துவிட்டார்கள், அதனால் தேவி பள்ளி விட்டு வரும்போது வீட்டில் இருக்க முடிகிறது. பக்கத்து வீட்டு நவமணி அக்கா உங்களை விசாரித்தார்.

உறையைப் பிரித்ததும் போட்டோவைத்தான் தேடியிருப்பீர்கள். அது இதில் இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளையை இங்கே அழைத்து வராதே, இந்த உடுப்பில் அவள் என்னைப் பார்க்க வேண்டாம் என்றீர்கள். சரி என்றேன். அவள் சலங்கை கட்டி ஆடும்போது முகம் எப்படி இருக்கும், ஒரு போட்டோவாவது அனுப்பு என்றீர்கள். அதற்கும் சரி என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று நீங்கள் கேட்கும்போது எனக்கு வேறு வார்த்தை வருவதில்லை.

தேவிக்கு நாட்டியம் சொல்லிக் கொடுக்கும் சாலா டீச்சரை நீங்கள் ஒருமுறை பார்த்திருக்கிறீர்கள். செட்டியார் வீட்டுப் பெண். பேச்சு மெதுவாகத்தான் வரும், ஆனால் சொன்னால் சொன்னதுதான். இந்த வருடம் சலங்கை பூஜைக்கு ஒரு விதி போட்டார். மண்டபத்துக்குள் பெற்றோர் யாரும் போன் கொண்டுவரக் கூடாது. போன வருடம் நடந்த கூத்து அப்படி. ஆட்டம் தொடங்கியதுமே முன்வரிசை அப்பா அம்மாக்கள் எழுந்து நின்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பின்னால் இருந்தவர்களுக்கு முதுகுதான் தெரிந்தது. வெளிச்சம் கண்ணில் அடித்து ஒரு சின்னப் பிள்ளை மேடையிலேயே தடுமாறி விழுந்தாள். அதையும் யாரோ வீடியோ எடுத்துப் போட்டுவிட, அந்தப் பிள்ளை வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். அதனால் இந்த வருடம் கேமராக்காரர் ஒருவர் எடுப்பார், மற்றவர்கள் கண்ணால் பார்த்தால் போதும் என்றார் டீச்சர். நியாயம்தானே. ஆனால் அந்தக் கேமராக்காரர் எடுத்த போன வருட ஆல்பத்தில் நம் பிள்ளைக்கு ஒரு கையும் பாதிக் காதும்தான் கிடைத்தது. அதை எப்படி உங்களுக்கு அனுப்புவது?

வாசலில் நின்று போன்களை வாங்கி வைக்கக் கண்டிப்பான ஆள் ஒருவர் வேண்டும் என்று டீச்சர் தேடினார். என் வாயைத்தான் உங்களுக்குத் தெரியுமே. என்னையே நிறுத்திவிட்டார்.

நானும் நின்றேன். ஜாக்கெட்டுக்குப் பொருத்தமாகப் புதுச் சேலை வேறு. மேசையில் ஒரு கூடை, ஆளுக்கொரு எண் சீட்டு. முதல் ஆளாக என் போனை எல்லாரும் பார்க்கும்படி கூடையில் போட்டேன். முறைத்தவர்களை நானும் முறைத்தேன். தேவியோடு ஆடுகிற தர்ஷனாவின் அப்பா சிவபிரகாசம் லூமுட்டிலிருந்து வந்திருந்தார். கடற்படையில் இருக்கிறார். மறுவாரம் கப்பல் ஏறுகிறாராம். "ஒரே ஒரு போட்டோ அக்கா, கப்பல்ல போய்ட்டா மாசக்கணக்கா பாக்க முடியாது லா" என்று கெஞ்சினார். "எல்லாருக்கும் ஒரே சட்டம்தான் தம்பி, கண்ணாலயே நல்லா பாத்துக்கிட்டுப் போங்க" என்றேன். சொல்லும்போது பெருமையாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போது உடம்பெல்லாம் கூசுகிறது.

ஏனென்றால் அதே நேரத்தில் நவமணி அக்காவிடம் இரவல் வாங்கிய போன் என் தட்டில் இருந்தது. என் போனில் படம் மங்கலாக விழும் என்று அவருடைய புதுப் போனைக் கேட்டு வாங்கியிருந்தேன். சலங்கை பூஜைக்கு ஒவ்வொரு அம்மாவும் தட்டு கொண்டுவருவோம். புதுச் சலங்கை, பழம், பூ, வெற்றிலை. டீச்சர் சாமிக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டி, சலங்கையை எடுத்துப் பிள்ளை கையில் கொடுப்பார், அவள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கட்டுவாள். தட்டு நம் மடிக்குத் திரும்பிவிடும். வெற்றிலைக்கு அடியில் போனை வைத்தால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று என் புத்தி வேலை செய்தது. டீச்சர் என் தட்டுக்குக் கற்பூரம் காட்டியபோது நானும் கும்பிட்டேன். எந்த முகத்தோடு கும்பிட்டேனோ.

தேவி நன்றாக ஆடினாள். இதை முதலில் எழுதியிருக்க வேண்டும். காணாமல்போன பிள்ளையை வீடு வீடாகத் தேடும் ஒரு தாயைப் பற்றிய பாட்டு. கூட்டமாக ஆடிக்கொண்டே வந்து, ஒவ்வொருத்தியும் தனியாகக் கொஞ்சம் முன்னால் வந்து தேடுவாள். மண்டபத்தில் விளக்கை அணைத்து மேடையில் மட்டும் வெளிச்சம் வைத்திருந்தார்கள். நம் பிள்ளை முன்னால் வந்தாள். கதவைத் தட்டுவதுபோல் கை வைத்தாள், திறப்பதற்காகக் காத்திருந்தாள். அவ்வளவுதான் செய்தாள். நான் பெற்று வளர்த்த முகம், ஆனால் நான் பார்த்தே இல்லாத முகம். இதைத்தான் நீங்கள் கேட்டீர்கள் என்று வெற்றிலையைத் தள்ளிவிட்டுப் போனைத் தூக்கினேன்.

பளிச்சென்று அடித்தது. இரவல் போன், இருட்டில் அது தானாக வெளிச்சம் போடும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

டீச்சர் தாளம் தட்டிக்கொண்டிருந்த தட்டுக்கழியை நிறுத்தினார். பாட்டும் நின்றது. தேவி கதவைத் தட்டிய கையோடு அப்படியே நின்றாள். யார் அது என்று டீச்சர் மைக்கில் கேட்க, யாரோ விளக்கைப் போட்டுவிட்டார்கள். மடியில் தட்டு, கையில் போன், நான். டீச்சர் திட்டவில்லை. "நீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார். பின்னாலிருந்து சிவபிரகாசம் எழுந்துவிட்டார். "எங்க போனையெல்லாம் புடுங்கி வச்சிட்டு நீங்க மட்டும் எடுப்பீங்களாக்கா? இது என்ன நியாயம் லா?" என்று அவர் கேட்டதும் நாலா பக்கமும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். யாரோ சிரிக்கவும் செய்தார்கள்.

தப்புதான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று உட்கார்ந்திருந்தால் அதோடு போயிருக்கும். எனக்கு அந்த வார்த்தை வரவில்லை. எழுந்து நின்று, அத்தனை பேரும் கேட்க, "அவ அப்பா ஜெயில்ல இருக்காரு. அவரு பாக்கத்தான் எடுத்தேன்" என்று கத்திவிட்டேன்.

மண்டபம் அடங்கிவிட்டது. அது அடங்கிய பிறகுதான் மேடையைப் பார்த்தேன். தேவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறார் என்றுதான் அவள் வகுப்பில் சொல்லியிருந்தாள். அதுவும் அவளாகச் சொன்ன பொய் இல்லை. நான் சொல்லிக் கொடுத்தது. யார் எப்போது கேட்டாலும் மாற்றாமல் சொல், தடுமாறாதே என்று நானே அவளைப் பழக்கினேன். பழக்கிய நானே போட்டு உடைத்தேன். உங்கள் மேல் உள்ள பாசத்தில் சொன்னேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது இல்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நிறுத்த உங்களையும் பிள்ளையையும் தூக்கி முன்னால் போட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

டீச்சர் விளக்கை அணைக்கச் சொல்லி, விட்ட இடத்திலிருந்து மறுபடி தட்டினார். தேவி ஓடிவிடுவாள் என்று பயந்தேன். ஓடவில்லை. கதவைத் தட்டினாள், காத்திருந்தாள், அடுத்த வீட்டுக்குப் போனாள், முடியும்வரை ஆடினாள். நான் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் போன்களைத் திருப்பிக் கொடுக்க நான்தானே வாசலில் நிற்க வேண்டும். எண்ணைப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். என் கை படாமல் வாங்கிக்கொண்டார்கள். திட்டியிருந்தால் தேவலை. சிவபிரகாசம் வந்து, "மன்னிச்சிருங்க அக்கா, எனக்குத் தெரியாது" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அவர் எதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், சொல்லுங்கள். அவர் பிள்ளையின் போட்டோ இல்லாமல்தான் அவர் கப்பலேறுகிறார்.

வீட்டுக்கு வரும்போது மோட்டாரில் தேவி என் இடுப்பைப் பிடிக்கவில்லை. பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பேசு பேசு என்று நான்தான் வழியெல்லாம் பேசினேன்.

அந்த வாரம் அவள் நாட்டிய வகுப்புக்குப் போகவில்லை. நான் மட்டும் டீச்சர் வீட்டுக்குப் போய் நின்றேன். அவர் உட்காரச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தார். "போட்டோ எடுத்ததுக்கு எனக்குக் கோபம் இல்ல விமலா. எல்லாரும் ஆசைப்படுறதுதான். ஆனா பிள்ள மேடையில நிக்கும்போது சொன்னீங்களே, அத நான் எப்படித் திருப்பி வாங்குறது?" என்றார். தேத்தண்ணியைக் குடிக்காமலே வந்துவிட்டேன். அவளுடைய சலங்கையை எப்போது வேண்டுமானாலும் வந்து கட்டிக்கொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பினார்.

நேற்றுச் சாயந்திரம் தேவி தானாக வந்து அந்தப் போட்டோவைக் காட்டச் சொன்னாள். நவமணி அக்காவிடம் போய்ப் போனை வாங்கி வந்தேன். இருவரும் சமையலறையில் நின்று பார்த்தோம். வெளிச்சம் அடித்ததில் முகம் வெள்ளையாக, கண் இரண்டும் பாதி மூடி இருந்தது. நான் பார்த்த முகம் அதில் இல்லவே இல்லை. இத்தனையும் இதற்காகத்தான். அவள் அழுவாள், இல்லையென்றால் போனைத் தூக்கி எறிவாள் என்று பார்த்தேன். "இத அப்பாவுக்கு அனுப்பாதீங்கம்மா" என்று சொல்லி அவளே அழித்தாள். பிறகு, "நானே வாரேன். எல்லாருக்கும்தான் தெரிஞ்சிருச்சே, இனிமே நான் ஏன் ஒளியணும்?" என்றாள்.

அதற்கு நான் பதில் சொல்வதற்குள் இன்னொன்று கேட்டாள். "லாரியில என்ன இருந்துச்சுன்னு அப்பாவுக்குத் தெரியுமா, தெரியாதா?"

பதின்மூன்று வயதுப் பிள்ளை, கழுவுகிற பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். நீங்கள் ஓட்டிய லாரியில் இருந்தது கள்ளச் சிகரெட் என்று யார் சொன்னார்களோ, பள்ளியில் சொன்னார்களோ. அப்பாவையே கேளு என்று சொல்லிவிட்டேன். இதுவும் கோழைத்தனம்தான், தெரியும்.

அதனால் வருகிற பார்வை நாளுக்கு அவளையும் அழைத்து வருகிறேன். வேண்டாம் என்று நீங்கள் முன்பு சொன்னதை நான் இந்த ஒருமுறை கேட்கப் போவதில்லை. பெயர் கூப்பிட்டும் வராமல் உள்ளே இருந்துவிடாதீர்கள். வளர்ந்துவிட்டாயே, உயரமாகிவிட்டாயே என்று ஆரம்பிக்காதீர்கள், அவளுக்குப் பிடிக்காது. பாசத்தில் வருகிறாளா கோபத்தில் வருகிறாளா என்று எனக்கே புரியவில்லை. கோபத்தில் வந்தாலும் வரட்டும்.

அவள் கேட்பாள். தெரியாது என்று நீங்கள் எனக்குச் சொன்ன பதிலை அவளுக்குச் சொல்லாதீர்கள். நான் அதை நம்பினேன் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நானும் நம்பியவள் மாதிரியே இருந்துவிட்டேன், அதுதான் எனக்கு வசதியாக இருந்தது. அவளுக்கு அது வேண்டாம்.

அம்மன் உங்களுக்கு நல்ல உடம்பையும் நல்ல வாக்கையும் கொடுக்கட்டும். தலையைக் குனிந்துகொண்டுதான் சொல்ல முடியும் என்றால் குனிந்தே சொல்லுங்கள். நான் அத்தனை பேர் நடுவில் நின்றேன். உயிர் போய்விடவில்லை. நீங்கள் ஒருத்தி முன்னால் மட்டும்தான் நிற்க வேண்டும். எப்படியாவது நின்றுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் விமலா